கூரத்தில் ஒரு மாதம்: ஒரே கதையைப் பின்தொடருங்கள்

கேள்வி:

நான் பிறந்த ஊர் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம். கல்யாணமாகிச் சென்னைக்குப் போய், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வருகிற வைகாசி மாதம் முழுவதும் ஊரில் அண்ணன் வீட்டில் தங்கப் போகிறோம். என் வீட்டுக்காரரும் கூட வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு.

வேலை, குழந்தைகள் என்று ஓடியதில் பாட்டு, நாட்டியம், சிற்பம், கூத்து எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த ஒரு மாதத்தை அதற்கென்று ஒதுக்க ஆசை. மகள் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறாள்: நாளுக்கு ஒன்றாக முப்பது நாளுக்கு முப்பது கலை அனுபவம். பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. அதிகம் செலவு செய்யவும் முடியாது. ராத்திரிக் கூத்துக்குப் பெண்கள் போய் வரலாமா என்றும் தெரியவில்லை.

இன்னொன்று. அப்பா சங்கத்துக்குப் பட்டு நெய்தவர். தறிச் சத்தத்தில்தான் வளர்ந்தேன். பட்டியலில் ஒரு நாள் 'பட்டு நெசவு' என்று மகள் எழுதியிருக்கிறாள். எங்களுக்கு அது பிழைப்பு. அதைப் போய்க் கலை என்று வேடிக்கை பார்ப்பதா என்று கூச்சமாக இருக்கிறது. எப்படித் திட்டமிடலாம் என்று சொல்லுங்கள்.

— வாசகி, கூரம்


பதில்:

மகள் அன்போடு போட்ட பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன்படி நடக்க வேண்டாம். நாளுக்கு ஒன்று என்று போனால் மாதக் கடைசியில் கால்வலியும் கைபேசி நிறையப் படங்களும்தான் மிஞ்சும். 1916-ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருள்களைப் பார்க்க ஒருவர் குனிந்தும் வளைந்தும் படுகிற பாட்டைப் படம் பிடித்து, பார்வையாளருக்கு உடம்பு ஓய்ந்துபோவதால் கண்ணும் ஓய்ந்துபோகிறது என்று காட்டினார். நிழலான கூடத்துக்கே அந்தக் கதி என்றால் காஞ்சிபுரத்து வைகாசி வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே. பல கலைகளைத் தனித்தனியாகத் தேடிப் போகாதீர்கள். ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தக் கலையில் எப்படி உருமாறுகிறது என்று பின்னாலேயே போங்கள். அந்தக் கதை பாரதமாக இருக்கட்டும். இதை நான் என் விருப்பத்துக்குச் சொல்லவில்லை. உங்கள் ஊர்தான் காரணம்.

கூரத்துச் சிவன் கோயிலைச் சிறுவயதில் எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும் தூங்கானை மாடம். தமிழ்நாட்டில் கல்லை அடுக்கிக் கட்டிய மிகப் பழைய கோயில்களில் ஒன்று. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பரமேசுவரவர்மப் பல்லவன் காலத்தது. செப்பேட்டில் அதன் பெயர் வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம். கூரம் செப்பேடு என்று வரலாற்று மாணவர்கள் எல்லோரும் படிப்பது இந்த ஊருக்கு அந்த அரசன் கொடுத்த பட்டயத்தைத்தான். போரும் வெற்றியும் அதில் நிறைய உண்டு. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி, கூரத்தில் தோண்டிய பரமேசுவரத் தடாகத்துக்கு நீர் கொண்டுவந்த செய்தியும் உண்டு. எனக்கு அதில் மிகப் பிடித்த பகுதி, கொடுத்த ஊரை 25 பங்காகப் பிரித்த விவரம். பூசைக்கும் கோயில் பராமரிப்புக்கும் இவ்வளவு, வேதம் வல்லவர்களுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பதற்கு ஒரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர், வெளிச்சத்துக்கு விளக்கு, கேட்கக் கதை. ஒரு கலை நிகழ்ச்சி நடத்த வேறென்ன வேண்டும்?

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரசன் மானியத்தில் பாரதம் கேட்ட ஊர் உங்களுடையது. இன்றைக்கும் இந்தத் தொண்டை மண்டலத்தில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், பங்குனி சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் பாரதக் கூத்து என்று மாற்றி மாற்றி நடக்கிறது. நீங்கள் வரப்போகிற வைகாசி அந்தக் காலத்தின் நடுவில் விழுகிறது.

பாரதம் முழுவதையும் ஒரு மாதத்தில் விழுங்க முடியாது. இரண்டே கட்டங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிருஷ்ணன் தூது, அர்ச்சுனன் தபசு. இரண்டுக்கும் சுற்றுவட்டாரத்திலேயே எழுத்து, கல், கூத்து மூன்றும் இருக்கின்றன.

முதல் வாரம் வீட்டை விட்டு அதிகம் நகர வேண்டாம். அக்னி நட்சத்திரம் முடியவே வைகாசி பாதியாகிவிடும். பகலில் மின்விசிறிக்குக் கீழே படியுங்கள். கதை மறந்திருந்தால் ராஜாஜியின் 'வியாசர் விருந்து' போதும். பிறகு வில்லிபுத்தூரார் பாரதத்துக்குப் போங்கள். முழு நூலையும் கையில் எடுத்து மிரள வேண்டாம். ஆரணிய பருவத்தில் அருச்சுனன் தவநிலைச் சருக்கம், உத்தியோக பருவத்தில் கிருட்டிணன் தூதுச் சருக்கம், இந்த இரண்டும் போதும். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரையோடு கிடைத்தால் நல்லது. பாடலை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் உரையைப் படிக்கட்டும். கணக்கு டீச்சருக்குச் சந்தம் எளிதாகப் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. அதுவும் எண்ணிக்கைதானே. பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' (முதல் பாகம் 1912-இல் வந்தது) தூதுக்கும் தபசுக்கும் முந்தைய கட்டம். ஆனாலும் மாலையில் திண்ணையில் வைத்து நாலு பேருக்கு வாசித்துக் காட்ட அதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரியாது.

அந்த வாரத்திலேயே ஒரு விடியற்காலையில் உங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போய், வளைந்த பின்சுவரைச் சுற்றி நடந்து வாருங்கள். சிறிய கோயில்தான். இதைக் கட்டியவன் மகன் ராஜசிம்மன்தான் காஞ்சியில் கைலாசநாதரைக் கட்டினான். தந்தையின் கோயிலைப் பார்த்த பிறகு மகனுடையதைப் பார்த்தால், ஒரே தலைமுறை இடைவெளியில் கல் எவ்வளவு பேசக் கற்றுக்கொண்டது என்று தெரியும்.

கைலாசநாதருக்கு வாசல் திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். கிழக்குப் பார்த்த கோயில். மணற்கல்லில் காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் உருவங்கள் எழுந்து வரும். பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை. பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு கோயில்கள் வரிசையாக உள்ளன. சிலவற்றின் உட்சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அவற்றை அடையாளம் கண்டார். ஒரு முகத்தின் பாதி, ஒரு கை, ஒரு கோடு என்றுதான் இருக்கும். அந்தக் கோட்டின் வளைவை விரலால் காற்றில் வரைந்து பாருங்கள், ஓவியனின் கைவேகம் பிடிபடும். வேடனாக வந்த சிவனும் அர்ச்சுனனும் மோதுகிற காட்சியும் இந்தக் கோயில் சிற்பங்களில் உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. இடத்தை நான் சொல்லிவிட்டால் மற்றவற்றைப் பார்க்காமல் வந்துவிடுவீர்கள்.

அதற்குள் தபசுச் சருக்கத்தைப் படித்து முடித்திருந்தால் மறுவாரம் ஒரு நாள் மாமல்லபுரம் போய் வாருங்கள். அங்கே ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். பெரும்பாறைச் சிற்பத்தைத் தெரு ஓரத்தில் நின்றே பார்க்கலாம், உங்களுக்கு அது போதும். விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில், கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற தவசியைப் பாருங்கள். பக்கத்தில் வரம் தரும் கையோடு சிவன். கீழே ஒரு பூனையும் அதேபோல் கையைத் தூக்கித் தவம் செய்ய, எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. அந்தத் தவசி அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். பாறை நடுவிலுள்ள பிளவையும் அதில் நீந்துகிற நாகர்களையும் பார்த்தால் பகீரதன் என்று தோன்றும். ஊர் அர்ச்சுனன் தபசு என்றே சொல்லி வந்திருக்கிறது. நான் ஊர்ப் பக்கம்.

இந்தத் தவசியை மனத்தில் வைத்துக்கொண்டு கூத்துக்கு வாருங்கள். உங்கள் மாதத்தின் உயிர் அங்கேதான்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு அன்று கோயிலுக்கு எதிரே உயரமான பனைமரக் கம்பம் நட்டிருப்பார்கள். அதில் படிக்கட்டைகள் அடித்து, மஞ்சள் பூசி, மேலே பரண்போல் ஓர் இடம். அர்ச்சுனன் வேடமிட்டவர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரப்புடவையோடு காத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் திருநீறும் வில்வமும் எலுமிச்சம்பழமும் கீழே வீசுவார். அந்தப் பழத்துக்காக ஏந்துகிற மடிகளைப் பாருங்கள். மாமல்லபுரத்தில் கல்லில் நிற்கிற தவம் இங்கே வியர்த்து வழிந்துகொண்டு ஏறுகிறது. நடிகருக்கு அன்று விரதம். கைதவறினால் வலை கிடையாது. நடிப்பு எங்கே முடிகிறது, வேண்டுதல் எங்கே தொடங்குகிறது என்று அங்கே நிற்கிற யாரும் கேட்பதில்லை. ஏறுகிற நேரம் ஊருக்கு ஊர் மாறும். முதல் நாளே நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூத்து எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது இப்படித்தான்: பேருந்து நிறுத்தச் சுவர்களிலும் டீக்கடை வாசலிலும் மஞ்சள், இளஞ்சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பிரசங்கம் தொடங்கும் நாள், ஒவ்வொரு ராத்திரிக்கும் கூத்தின் பெயர், குழுவின் பெயர், கடைசியில் படுகளம், தீமிதி என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். அதை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாத அட்டவணையை அந்த நோட்டீஸே போட்டுக் கொடுத்துவிடும். அண்ணனிடம் சொன்னால் எந்த ஊரில் எது என்று ஒரே நாளில் விசாரித்துவிடுவார்.

பெண்கள் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம். கூத்து நடக்கிற களரியின் முன்வரிசையில் உட்காருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும்தான். அண்ணன் வீட்டார் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். திரும்பி வர ஆட்டோ பேசி வைப்பதைவிட விடியும்வரை இருந்துவிடுவது உத்தமம். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். ஒரு ஜமக்காளம், தண்ணீர், அதிகாலைக் காற்றுக்கு ஒரு போர்வை. உங்கள் வீட்டுக்காரருக்கு மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு ஓரமாகப் போடுங்கள். நடுவில் போட்டால் பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கும். தூக்கம் வந்தால் தூங்குங்கள். எல்லோரும் தூங்குவார்கள். முகவீணை என்ற குழல் உச்சத்துக்குப் போய், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வேடம் வரவுப் பாட்டுப் பாடத் தொடங்கும்போது பக்கத்திலிருக்கிற கிழவி உங்களைத் தட்டி எழுப்பிவிடுவார்.

திரை விலகும் அந்தக் கட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். முதலில் கிரீடத்தின் நுனி, பிறகு காற்சலங்கை, பிறகு ஒரு தோள். பாட்டு முடிந்த பின்புதான் முழு வேடம் வெளியே வந்து சுழலும். கிரீடம், புஜகட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் ஒட்டியவை. கட்டைக்கூத்து என்று பெயர் வந்தது இவற்றால்தான் என்பார்கள். முடிந்தால் எட்டரை மணிக்கே போய், வேடம் கட்டுகிற இடத்தில் ஓரமாக நின்று பாருங்கள். ஒருவர் தனக்குத் தானே அரிதாரம் பூசிக்கொண்டு, சின்னக் கண்ணாடியில் மனிதன் போய் துரியோதனன் வருகிற அந்த ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிற பெரிய பாடம். அனுமதி கேட்டுவிட்டு நில்லுங்கள். விளக்கைப் பாய்ச்சிப் படம் எடுக்காதீர்கள்.

அன்று திரௌபதி துகில் நடக்கிறதென்றால் இன்னும் கவனமாக இருங்கள். துச்சாதனன் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி வணங்கி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர்வது பல குழுக்களில் வழக்கம். அந்த நேரத்தில் களரியில் பேச்சு அடங்கிவிடும். சிலருக்கு அருள் வந்துவிடும்.

காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றவர்களும் 1990-இல் தொடங்கியது. 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த வேடங்களைப் பெண்பிள்ளைகளும் கட்டினார்கள். செய்யாறு பக்கம் புரிசை கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இருக்கிறது. இந்தப் பெயர்கள் நோட்டீஸில் தென்பட்டால் விடாதீர்கள். பெயர் தெரியாத குழு என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம்.

செலவு பற்றிக் கவலைப்பட்டீர்கள். கூத்துக்குச் சீட்டு கிடையாது, ஊர் வரி வைத்து நடத்துகிறது. அதனாலேயே வெறுங்கையோடு வந்துவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். இடையில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனிடம் பணம் கொடுத்தால் பெயரைச் சொல்லி வாழ்த்துவார். ஒரு சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் ஆகிற பணத்தை அங்கே கொடுங்கள். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்லி முடித்து எழும்போதும் தட்டில் ஏதாவது வையுங்கள். அரசன் நிலத்தில் பங்கு கொடுத்த தொழில் அது. இப்போது அரசன் இல்லை, கேட்பவர்தான் கொடுக்க வேண்டும்.

அந்தப் பகல் பிரசங்கத்தை மகளின் பட்டியல் விட்டிருக்கிறது. எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பந்தலில் பத்துக் கிழவர்களும் இருபது கிழவிகளும்தான் இருப்பார்கள். பிரசங்கியார் வில்லியின் பாட்டைப் பாடுவார், பதம் பிரிப்பார், நடுவில் நேற்று நடந்த உள்ளூர் விவகாரத்தை இழுத்து வந்து கதைக்குள் முடிச்சுப் போடுவார். வீட்டில் நீங்கள் படித்துப் புரியாமல் விட்ட பாட்டு அவர் வாயில் விழும்போது தானாகத் திறந்துகொள்ளும். ராத்திரிக் கூத்தைவிட இதில்தான் நீங்கள் அதிகம் பெறுவீர்கள் என்று சொன்னால் கூத்து ரசிகர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். ஆனாலும் சொல்கிறேன்.

தூதுக் கட்டத்துக்குப் பெரிய காஞ்சியில் திருப்பாடகம் பாண்டவ தூதர் கோயிலுக்குப் போங்கள். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. தூது வந்த கண்ணனை அவமானப்படுத்த, ஆசனத்துக்குக் கீழே பள்ளம் தோண்டி மல்லர்களை ஒளித்துவைத்தான் துரியோதனன். கண்ணன் உட்கார்ந்ததும் ஆசனம் சரிய, அவன் விசுவரூபம் எடுத்தான் என்பது கதை. கருவறையில் சுமார் 25 அடி உயரத்தில் உட்கார்ந்த கோலம். நிற்கிற பெருமாளையும் கிடக்கிற பெருமாளையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இவ்வளவு பெரிய உருவம் உட்கார்ந்திருப்பது முதலில் திகைப்பாக இருக்கும். கிருட்டிணன் தூதுச் சருக்கம் படித்துவிட்டுப் போனவர் அந்தத் திகைப்பைத் துரியோதனன் சபையில் உட்கார்ந்தவர்போலவே உணர்வார்.

அங்கிருந்து வெகு தூரமில்லை திருப்பருத்திக்குன்றம், ஜின காஞ்சி. திரைலோக்கியநாதர் சமணக் கோயில். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387 வாக்கில் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ஓவியங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. படத்துக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். இதை ஏன் பாரத மாதத்தில் சேர்க்கிறேன் என்றால், 22-ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர் சமணக் கதைப்படி கண்ணனுக்கு உறவு முறை. அதனால் கண்ணனின் பிள்ளைப் பருவக் காட்சிகளும் அந்த விதானத்தில் வருகின்றன. நமக்குத் தெரிந்த கதையை இன்னொரு சமயத்தார் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்று பார்க்கலாம். ஒரு கைக்கண்ணாடி எடுத்துப் போங்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காமல், கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கலாம். முழங்கால் வலிக்காரருக்கு உட்கார்ந்தபடியே பார்க்கக் கிடைத்த ஓவியக் கூடம் இது.

சங்கீதத்துக்கு வருகிறேன். ஞானம் வேண்டாம், ஒரு ராகம் போதும்: பைரவி. முத்துசுவாமி தீட்சிதர் ஏகாம்பரநாதர் மேல் பாடிய 'சிந்தய மாகந்த மூலகந்தம்' பைரவி. சியாமா சாஸ்திரி காமாட்சி மேல் செய்த பெரிய சுவரஜதியும் பைரவி. அவர் வணங்கிய பங்காரு காமாட்சி காஞ்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் போன அம்மன். இந்த இரண்டையும் மாதம் முழுவதும், தினம் காலையில் சமைக்கும்போது கேளுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம். பாடுகிறவர் டி.கே. பட்டம்மாளாக இருந்தால் இன்னும் நல்லது. 1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அந்த ஊரின் நாயனாப் பிள்ளை பாடியதைக் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் மேடையில் பல்லவி பாடத் தயங்கிய காலத்தில் துணிந்து பாடி, பல்லவி பட்டம்மாள் என்று பேர் வாங்கியவர். இரண்டு வாரம் போனதும் வேறு யாரோ, வேறு எங்கோ பைரவி வாசித்தால் உங்களை அறியாமல் திரும்பிப் பார்ப்பீர்கள். அதற்கு வைகாசியில் ஓர் இடம் தயாராக இருக்கிறது: வரதராசப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் விடியற்காலையில் கருட சேவை. முன்னால் பிரபந்த கோஷ்டி, பின்னால் வேத கோஷ்டி, கூடவே நாதசுரம். கோபுர வாசலில் குடையால் ஒரு கணம் பெருமாளை மறைத்துக் காட்டுவார்கள். சோளிங்கரிலிருந்து வர முடியாமல் தவித்த தொட்டையாச்சாரியாரை நினைத்துச் செய்வது அது. கூட்டத்தில் உங்கள் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கருடன் வீதியில் வருகிறபோது ஒரு திண்ணையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

தையில் வந்திருந்தால் உங்கள் ஊர் வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வானின் திருநட்சத்திரத்தையும் சேர்த்திருப்பேன். அது வேறு மாதத்துக்கு இருக்கட்டும்.

இனி தறி. இதைப் பாரதத்தோடு முடிச்சுப் போடப் போவதில்லை. உங்கள் கூச்சத்தை நான் மதிக்கிறேன், அது சரியான கூச்சம். பிழைப்பாக இருப்பதனாலேயே கலை இல்லை என்று ஆகிவிடாது. கூத்தாடியும் பிழைப்புக்குத்தான் ஆடுகிறார். ஆனால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். நெய்தவர் மகளாகப் போங்கள். மற்றவர்கள் கேட்கத் தெரியாத கேள்விகள் உங்களுக்குத் தெரியும்: பாவு எத்தனை நாள் ஓடும், அடை யார் கட்டியது, சரிகை எங்கிருந்து வருகிறது, கூலி போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஏறியதா.

விடியலில் தெருவில் பாவாற்றுகிற இடம் இன்னும் எங்கே மிச்சம் என்று விசாரித்து, ஒரு முறை பாருங்கள். பிறகு கோர்வை போடுகிற தறி ஒன்றின் பக்கத்தில் ஒரு முற்பகல் முழுக்க உட்காருங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். முன்பெல்லாம் அது வீட்டுப் பிள்ளைகளின் வேலை, நீங்களேகூடச் செய்திருக்கலாம். உடல் இழையும் கரை இழையும் பல் பல்லாகக் கோத்துக்கொள்கிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர் பெருமையாகச் சொல்வது அந்த அரை அங்குலத்தை வைத்துத்தான். முந்தானைக்கு வேறு நிறப் பாவு கொடுக்கும்போது இழைக்கு இழை பிணைக்கிற பிட்னி வேலை நடந்தால் இன்னும் அதிர்ஷ்டம். அவர் பேசினால் கேளுங்கள், இல்லையென்றால் பேச வைக்காதீர்கள். ஒரு முற்பகலின் வேகம் குறைந்தால் குறைவது அவர் கூலி.

உங்கள் பெட்டியில் அப்பா நெய்த புடவை ஒன்றாவது இருக்கும். அதை எடுத்து வந்து ஒரு மூத்த நெசவாளரிடம் விரித்துக் காட்டுங்கள். மயில்கண்ணா, வைர ஊசியா, ருத்ராட்சமா, என்ன கரை, எந்தக் காலத்து அடை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். ருக்மிணி தேவி 1937-இல் கலாக்ஷேத்திராவில் நெசவுக் கூடம் தொடங்கியபோது இப்படிப்பட்ட பழைய புடவைகளைப் பார்த்துத்தான் பழைய கரைகளை மறுபடி நெய்ய வைத்தார். நாட்டியத்தில் நாம் பார்க்கிற உடுப்பின் அழகில் பெரும்பங்கு அந்தத் தறிகளிலிருந்து வந்தது. நீங்கள் எழுதப்போகிற அந்த ஒரு பக்கம் மகளுக்குப் போய்ச் சேரட்டும். ஓர் இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படம் பாருங்கள். மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை நெய்துவிட ஆசைப்பட்ட நெசவாளியின் கதை. தேசிய விருது வாங்கிய படம். பிரகாஷ்ராஜுக்கும் அதற்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நெசவாளர் வீட்டில் வைத்துப் பார்ப்பது சுலபமாக இருக்காது. ஆனாலும் பாருங்கள்.

ஒரு வாரத்தில் இரண்டு நாள் எதுவும் வைக்காமல் விடுங்கள். கூத்துப் பார்த்த மறுநாள் தூங்குவதற்கே போய்விடும். பிடித்தது எதுவோ அதை இரண்டாம் முறை பார்க்கக் கடைசி வாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கைலாசநாதரைச் சாயங்கால வெளிச்சத்தில், அல்லது முன்பு பார்த்த அதே கூத்தை வேறொரு குழு ஆட. இரண்டாவது தடவையில்தான் கதை பின்னுக்குப் போய்க் கலை முன்னுக்கு வரும். படுகளம் கிடைத்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் ஒத்திவைத்துவிட்டுப் போங்கள். மண்ணால் செய்து தரையில் படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றிப் பதினெட்டாம் நாள் போர் நடக்கும். அவன் தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தில் கூரத்து நடராசர் இருக்கிறார். உங்கள் ஊரில் கிடைத்த பல்லவர் காலச் செப்புத் திருமேனி. நடராசர் படிமங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று கலை வரலாற்றாளர்கள் கருதுவது. நாம் பழகிய சோழ நடராசருக்குத் தூக்கிய கால் உடம்புக்குக் குறுக்கே நீளும். இவருக்கோ முழங்கால் மேலே எழும்ப மடிந்து நிற்கும். சோழர் வடிவம் நிலைபெறுவதற்கு முன் நம் சிற்பி நடனத்தை எப்படி யோசித்தான் என்று அதில் தெரியும். கூத்தில் வேடக்காரர்கள் காலைத் தூக்கிச் சுழன்றதை ஒரு மாதம் பார்த்த கண்ணோடு போனால், அந்த முழங்காலில் எடை எங்கே விழுகிறது என்று சட்டென்று புலப்படும். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போவதானாலும் படிமக் கூடம் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.